மகாஓயாவை எப்போது தாண்டினோம்?

நுவரெலியாப் பயணத்துக்காக நான் எழுதிய திட்டம் இன்னும் வீட்டில் கிடக்கிறது. மகளின் பழைய பாடசாலைக் கொப்பி ஒன்றில் நான்கு பக்கங்கள். வான் வாடகை, டீசல், இரண்டு அறைகள், பதுளையில் மதியச் சாப்பாடு, ஹக்கல பூங்காவுக்கு நுழைவுச்சீட்டு, வாந்தி வருகிறவர்களுக்குத் தேசிக்காய் என்று வரிசையாக எழுதி, எதிரே தொகையைப் போட்டு, கீழே கூட்டியும் வைத்திருக்கிறேன். கணக்குப் பிரிவில் இருபது வருடம் இருந்தவனின் கை அது; தேசிக்காய்க்குக்கூடத் தொகை உண்டு. அந்த நான்கு பக்கங்களிலும் சாரதி என்ற சொல் ஒரேயோர் இடத்தில்தான் வருகிறது: ‘சாரதிக்குச் சாப்பாடு.’ அவர் எங்கே படுப்பார், எத்தனை மணித்தியாலம் படுப்பார், எங்களை ஏற்ற வருவதற்கு முதல் நாள் எங்கே இருந்தார் என்பதற்கு ஒரு வரிகூட ஒதுக்கப்படவில்லை. மூன்று வருடங்களாக அந்தக் கொப்பியை எறியவும் மனம் வரவில்லை, திறந்து பார்க்கவும் மனம் வரவில்லை.

மட்டக்களப்பிலிருந்து மலைநாட்டுக்குப் போகிறவர்கள் இரவு இரண்டு மணிக்குப் புறப்படுவது எங்களுக்குள் எழுதப்படாத சட்டம். ஆவணி விடுமுறையில் அதற்குத் தக்க காரணமும் இருக்கிறது. தென்மேல் பருவக்காற்று மலைகளின் மேற்குச் சரிவில் மழையையெல்லாம் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு எங்கள் பக்கம் இறங்குகிறது. காய்ந்த காற்று ஒவ்வோர் ஆயிரம் மீற்றர் இறங்கும்போதும் ஏறத்தாழ 10 பாகை செல்சியஸ் சூடேறும். கச்சான் என்று நாங்கள் பெயர் வைத்து அழைக்கும் அந்த அனல், காலை பத்து மணிக்கெல்லாம் கதவைத் தட்டும். ஆகவே வெயில் ஏறுவதற்குள் பிபிலையைத் தாண்டிவிட வேண்டும், விடியும்போது லுணுகலையின் குளிரில் நிற்க வேண்டும், போதாததற்கு ஒரு நாள் அறை வாடகையும் மிச்சம் என்று நானும் இரண்டு மணியையே குறித்தேன். வெயிலுக்குப் பயந்து நாங்கள் தெரிவு செய்த அந்த நேரம், மனித உடல் எந்த வேலைக்கும் இசையாத நேரம் என்பது அப்போது என் கணக்கில் இல்லை. இரவு இரண்டு மணியிலிருந்து விடிகாலை ஐந்து, ஆறு மணிவரை உடலின் உள்மணிக்கூடு அடித்தளத்தில் கிடக்கும். பிற்பகல் இரண்டுக்கும் நாலுக்கும் இடையில் இன்னொரு முறை, அவ்வளவு ஆழமாக இல்லாவிட்டாலும், அது சரியும். எங்கள் பயணத்தின் போக்கும் வரவும் சொல்லிவைத்தாற்போல இந்த இரண்டு பள்ளங்களுக்குள்ளேயே விழுந்திருந்தன.

வான் வந்தபோது சரியாக இரண்டு மணி. சாரதி நாற்பது வயதுக்காரர், முன்பே இரண்டு மூன்று முறை எங்களைக் கூட்டிப்போனவர், குடிக்காதவர், அவசரப்படாதவர். வானைக் கழுவித் துடைத்து, முன் கண்ணாடியில் திருநீறு பூசிக் கொண்டுவந்திருந்தார். நான் கைத்தொலைபேசி வெளிச்சத்தில் நான்கு டயர்களையும் சுற்றிப் பார்த்தேன். டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கங்களில் முதல் இரண்டும் அது செய்யப்பட்ட வாரம், கடைசி இரண்டும் வருடம் என்று எங்கேயோ படித்திருந்தேன். அதைப் பார்த்துச் சொன்னபோது அவர் சிரித்தார். டயரின் வயதைக் கேட்கத் தெரிந்த எனக்கு, அதைப் பிடித்து ஓட்டுகிறவர் கடைசியாக எப்போது கண்ணயர்ந்தார் என்று கேட்கத் தோன்றவில்லை.

வளைவுகளுக்கே பயந்தோம்

செங்கலடியில் தொடங்கும் ஏ5 வீதி பிபிலை, லுணுகலை, பசறை, பதுளை, வெலிமடை வழியாக நுவரெலியாவைத் தொட்டு, அப்படியே பேராதனைவரை போகிறது. எங்கள் வீட்டுப் பெண்கள் அந்த வீதியில் பயப்படும் இடம் ஒன்றே ஒன்றுதான்: லுணுகலைக்கும் பசறைக்கும் இடைப்பட்ட 13ஆம் கட்டை. 2021 மார்ச் 20ஆம் திகதி காலையில், மேலேயிருந்து சரிந்து வீதியின் பாதியை அடைத்துக் கிடந்த பாறைக்குப் பக்கத்தில் எதிரே வந்த வாகனத்துக்கு இடம் கொடுக்கப் போய், பயணிகளோடு ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்தது. 14 பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். அந்தக் காணொளியைப் பார்க்காதவர்கள் எங்கள் ஊரில் குறைவு. ஆகவே போகும்போதும் வரும்போதும் அந்த இடத்தில் வானுக்குள் பேச்சு நின்றுவிட்டது. மாமி உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். மனைவி பிள்ளைகளை இறுக்கிப் பிடித்திருந்தாள். பின் இருக்கைகளுக்கும் பட்டி இருந்தது என்பது நுவரெலியாவில் வானைத் துப்புரவாக்கும்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. பளபளப்பான புது உறையைத் தைத்துப் போட்டவர்கள் கொளுக்கியையும் சேர்த்து உள்ளே புதைத்துவிட்டிருந்தார்கள். முன் இருக்கைக்காரர்கள் 2011இலிருந்து பொலிஸாருக்குப் பயந்தாவது பட்டி போடுகிறோம். பின்னால் இருக்கும் பிள்ளைக்குத் தாயின் கை போதும் என்று நினைத்துவிடுகிறோம். மோதும் நொடியில் அந்தக் கைக்கு என்ன பலம் இருக்கும் என்று யாரும் யோசித்துப் பார்ப்பதில்லை.

உண்மையைச் சொன்னால், வளைவுகளில் எங்கள் சாரதி அபாரமானவர். திரும்பி வரும்போது, பதுளையிலிருந்து பிபிலைவரைக்குமான அந்த நீண்ட சரிவில் அவர் பிறேக்கை மிதித்தது குறைவு. இரண்டாம், மூன்றாம் கியரிலேயே எஞ்சினைப் பிடித்து இறக்கிக்கொண்டு வந்தார். ஏறின கியரிலேயே இறங்க வேண்டும் என்பது பழைய சாரதிமார் சொல்லும் பாடம். முன்னால் போன ஒரு வானிலிருந்து பிறேக் தீயும் நாற்றம் வந்தபோது, எனக்காக ஒரு சின்ன வகுப்பே எடுத்தார். விடாமல் மிதித்துக்கொண்டே இறங்கினால் பிறேக் லைனர் சூடாகிப் பிடிமானத்தை இழக்கும். பிறேக் எண்ணெயும் காலப்போக்கில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் இயல்புடையது, ஈரம் சேர்ந்தால் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். கொதித்த எண்ணெயில் ஆவி நிறைந்தால் மிதி வெறுமையாகக் கீழே போகும். தான் இரண்டு வருடத்துக்கொரு முறை அந்த எண்ணெயை மாற்றுவதாகவும் சொன்னார். இவ்வளவு கவனமான மனிதரின் கையில் இருக்கிறோம் என்ற நிம்மதி எனக்கு அங்கேதான் வந்தது. பிபிலை வந்ததும் எல்லோரும் ஒரு பெருமூச்சு விட்டோம். மலை முடிந்துவிட்டது, இனி வீடுதான் என்றாள் மனைவி. பதுளையில் சாப்பிட்ட சோறு வயிற்றில் இருந்தது. ஏசியைப் போட்டார்கள். படியத்தலாவைக்கு முன்பே பின்னால் எல்லோரும் தூங்கிவிட்டார்கள், மாமியைத் தவிர.

நேரான வீதி

மகாஓயாவை நோக்கி வரும்போது வீதி அகலமாக, நேராக, ஆளரவமில்லாமல் நீண்டு கிடக்கும். இரண்டு பக்கமும் காய்ந்த பற்றைக்காடு. தாரின் மேல் கானல் தண்ணீர்போல நெளியும். வளைவில்லை, பள்ளமில்லை, எதிரே வாகனமும் இல்லை. கண்ணுக்கும் கைக்கும் வேலை கொடுக்காத வீதி அது. சாரதி முதலில் காதுமடலைத் தேய்த்தார். பிறகு பாட்டை மாற்றினார். மாற்றிய பாட்டு முடிவதற்குள் மறுபடி மாற்றினார். கண்ணாடியை இறக்கிக் கச்சான் காற்றை முகத்தில் வாங்கினார், பின்னால் பிள்ளை சிணுங்கவே ஏற்றிவிட்டார். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். ஒரு முறை இடது சக்கரம் வீதியோரத்துக் கிரவலில் ஏறி, கரகரவென்று சத்தம் போட்டு, மறுபடி தாருக்கு வந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்காததுபோல் இருந்தேன்.

இதை எழுதும்போதுதான் எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது. இருபது நிமிடமாவது இருக்கும். நான் தூங்கவில்லை, எல்லாவற்றையும் கண்டேன், கண்டதற்கு என்ன பெயர் என்றும் தெரிந்திருந்தது. ஆனால் சொல்வதற்கு வாய் வரவில்லை. இவ்வளவு தூரம் மலையை இறக்கிக் கொண்டுவந்தவரிடம் ‘உங்களுக்கு நித்திரை வருகுது’ என்று சொல்வது அவருடைய தொழிலைக் குறை சொல்வதாகிவிடுமே என்று நினைத்தேன். அதைவிடக் கெட்டிக்காரத்தனமான ஒரு காரணமும் கையில் இருந்தது: அந்தக் காட்டில் மாலையானால் யானைகள் வீதிக்கு வரும், ஆறு இருபதுக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும், அதற்குள் கரடியனாற்றையாவது பிடித்துவிட வேண்டும். நிறுத்தினால் நேரம் போய்விடும் என்பது என் கணக்கு. ஓர் ஆபத்துக்குப் பயந்து இன்னோர் ஆபத்தை அருகில் உட்காரவைத்திருந்தேன்.

அப்போதுதான் பின்னாலிருந்து மாமியின் குரல் வந்தது.

“தம்பி, கொஞ்சம் நிப்பாட்டுங்க மனே. எனக்கு ஒதுங்க வேணும்.”

நான் திரும்பிப் பார்த்துச் சொன்ன பதிலை என்னால் மறக்க முடியவில்லை. “முக்கால் மணித்தியாலத்தில செங்கலடி வந்திரும் மாமி. பொறுக்க மாட்டீங்களா?”

“பொறுக்க ஏலாது.”

எழுபத்திரண்டு வயதுப் பெண் அப்படிச் சொன்ன பிறகு யாருக்கும் பேச்சில்லை. புல்லுமலைக்கு இந்தப் பக்கம் ஒரு வேப்பமரமும் அதன் கீழே ஒரு சின்னப் பெட்டிக்கடையும் இருந்தன. வான் நின்றது. மாமி இறங்கி, கடைக்காரப் பெண்ணிடம் ஏதோ கேட்டு, பின்பக்கம் போய், வருவதற்குப் பத்து நிமிடம் எடுத்தார். வந்ததும் எல்லோருக்கும் பிளேன்ரீ சொன்னார். வானுக்குள் தூங்கிக்கொண்டிருந்த சின்னவளைத் தூக்கிவந்து வாங்கில் கிடத்தச் சொன்னார். கண்ணாடி கொஞ்சம் திறந்துதான் இருக்கிறது என்றேன், கேட்கவில்லை. பிறகு தெரிந்துகொண்டேன், வெயிலில் நிற்கும் வாகனத்தின் உள்வெப்பம் பத்து நிமிடத்தில் பத்துப் பாகைவரை ஏறிவிடுமாம், இரண்டு விரல் அளவு கண்ணாடியைத் திறந்துவிடுவதால் பெரிய மாற்றம் வராதாம், சிறு பிள்ளையின் உடல் பெரியவர்களுடையதைவிடப் பல மடங்கு வேகமாகச் சூடேறுமாம். மாமிக்கு இந்தக் கணக்குகள் தெரியாது. தேநீர் வந்ததும் சாரதியைப் பார்த்து, “எனக்குக் கால் விறைச்சுப் போச்சு மனே, அரை மணித்தியாலம் இருந்திட்டுப் போவம். நீங்களும் அந்த மரத்துக்குக் கீழ சரிஞ்சு கிடங்க” என்றார். அவர் மறுப்பதுபோல் ஏதோ சொன்னார். தேநீரை ஒரே மிடறில் குடித்தார். கடைக்காரப் பெண் கொடுத்த பாயில் சாய்ந்தார். அவர் தூங்கிய வேகத்தைப் பார்த்தபோது என் வயிறு ஒரு முறை சுருண்டது. தலை பாயில் படுவதற்கு முன்பே தூங்கிவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

இருபத்தைந்து நிமிடம் தூங்கினார். எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தபோது வேறு மனிதராக இருந்தார். தேநீரைக் குடித்த கையோடு படுத்தால், அது வேலை செய்யத் தொடங்கும் நேரத்தில் தூக்கமும் கலைந்து இரண்டும் சேர்ந்து உதவும் என்பதைப் பின்னால் படித்தபோது, அந்தப் பெட்டிக்கடை நினைவுக்கு வந்தது. பாட்டுச் சத்தமும் திறந்த கண்ணாடியும் சில நிமிடத்துக்கு மேல் உதவுவதில்லை என்பதையும் அப்போதுதான் படித்தேன். அன்று யானை வரவில்லை. பொழுது சாயும்போது செங்கலடிச் சந்தியில் இருந்தோம்.

இரவு மாமிக்குச் சுடுதண்ணீர் கொண்டுபோனபோது, வழியில் அவசரப்படுத்தியதற்காக வருத்தம் சொல்லப் போனேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். “எனக்கு ஒண்டும் அவசரமில்ல மகன். கண்ணாடிக்குள்ள அவன்ட கண்ணப் பார்த்துக்கொண்டுதான் வந்தன். மூடித் திறக்கிற நேரம் கூடிக்கூடி வந்திச்சு.” கொஞ்சம் நிறுத்தி, “நீங்க சொல்லுவீங்கண்டு பார்த்தன்” என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுத்ததேயில்லை.

மூன்று இரவுகள்

நான் அதை அதோடு விட்டிருக்கலாம். மூன்று வாரம் கழித்து எரிபொருள் நிலைய வரிசையில் சாரதியைச் சந்தித்தேன். நலம் விசாரித்துக்கொண்டிருக்கும்போது அவராகவே, யாரும் கேட்காமல், குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “மகாஓயாவ எப்ப தாண்டினதெண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது அண்ணன். படியத்தலாவ ஞாபகமிருக்கு. பிறகு அம்மா நிப்பாட்டச் சொன்னது ஞாபகமிருக்கு. இடையில ஒண்டுமில்ல.” அம்பாறைக்குத் திரும்பும் சந்தி, கடைத்தெரு, மனிதர்கள், மாடுகள் எல்லாம் இருந்த ஓர் ஊரின் ஊடாக எங்கள் ஏழு பேரையும் ஏற்றிக்கொண்டு அவர் வந்திருக்கிறார்; ஆனால் அவர் அங்கே இல்லை. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வான் ஒரு நொடிக்குப் பதினாறு, பதினேழு மீற்றர் போகும். நான்கு நொடி கண் செருகினால் பத்துப் பன்னிரண்டு வான்களை வரிசையாக நிறுத்தக்கூடிய தூரம், ஓட்டுகிறவர் இல்லாமலே கடந்துவிடும். திறந்த கண்ணோடும் அப்படித் தூங்க முடியும் என்பதை நான் அதுவரை நம்பியிருக்கவில்லை.

பிறகு அவர் தன் மூன்று இரவுகளைக் கணக்குச் சொன்னார். எங்களுக்கு முந்திய இரவு கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு ஒரு ஹயர். போய்த் திரும்பி வீட்டுக்கு வரும்போது மதியம். தகரக் கூரையின் கீழ், கச்சான் வெக்கையில், இரண்டு மணித்தியாலம் புரண்டு படுத்தார். பின்னேரம் வானைக் கழுவினார். இரவு இரண்டு மணிக்கு எங்கள் வாசல். அடுத்த இரவு நுவரெலியாவில், நாங்கள் இரண்டு அறைகளில் கம்பளிக்குள் சுருண்டிருக்க, அவர் வானுக்குள். அன்றிரவு அவர் “நான் வானுக்குள்ளயே படுத்துக்குவன் அண்ணன், பழகிட்டு” என்று சொன்னதும், நான் ஒரு போர்வையைக் கொடுத்து, மனிதாபிமானத்தோடு நடந்துகொண்டதாக நினைத்துக்கொண்டு கதவைச் சாத்தியதும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து ஆயிரத்து எண்ணூறு மீற்றருக்கு மேலே, இரவுக் குளிரில், முழங்காலை மடக்கிக்கொண்டு யாரால் தூங்க முடியும்? சிலர் குளிர் தாங்காமல் எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு மூடிய வானுக்குள் படுப்பார்களாம். புகைக்குழாயிலிருந்து வரும் காபனோரொட்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, அது ஆளைக் கொன்றுவிடும் என்று தெரிந்ததால் தான் அதைச் செய்யவில்லை என்றார். மூன்று இரவுகளுக்கும் சேர்த்து ஏழு மணித்தியாலம் தூங்கியிருந்தால் அதிகம்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “நித்திர வருதெண்டு சொல்ற டிரைவர ஆரு அண்ணன் அடுத்த முற கூப்பிடுவாங்க?” என்றார். வானுக்கு லீசிங் கட்ட வேண்டும். விடுமுறைக்கால ஹயர் சில வாரங்கள்தான். அந்த வாரங்களில் வருகிற எதையும் விட முடியாது. அவர் சொன்னதில் கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை. டீசல் விலையைச் சொல்வதுபோலச் சொன்னார். பதினேழு மணித்தியாலம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கையும் கண்ணும், இரத்தத்தில் நூற்றுக்கு 0.05 வீதம் மதுசாரம் ஏறியவருடைய நிலைக்கு வந்துவிடுகின்றன என்றும், ஒரு முழு நாள் விழித்திருந்தால் அது 0.10 வீதத்துக்குச் சமம் என்றும் ஆய்வாளர்கள் அளந்து சொல்லியிருக்கிறார்கள். எங்கள் நாட்டுச் சட்டம் சாரதிக்கு வைத்திருக்கும் எல்லை 0.08 வீதம். குடித்துவிட்டு வந்திருந்தால் அவரை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பேன், நாலு பேருக்குச் சொல்லிச் சண்டையும் பிடித்திருப்பேன். தூங்காமல் வந்தவரை மட்டும், சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார் என்று மெச்சிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். அவரைத் தூங்கவிடாமல் ஆக்கிய மூன்று இரவுகளில் இரண்டு என் கொப்பியிலிருந்து வந்தவை.

இதில் மாமியின் பொய்யைப் பற்றி நானும் மனைவியும் பலமுறை வாதாடியிருக்கிறோம். நேரே சொல்லியிருக்க வேண்டும், உயிர் விஷயத்தில் மரியாதை என்ன என்பது அவள் கட்சி. தொடக்கத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன், அதாவது நான் செய்யத் துணியாத ஒன்றை மற்றவர் இன்னும் சரியாகச் செய்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. நேரே சொல்லியிருந்தால் அவர் என்ன செய்திருப்பார் என்று எனக்குத் தெரியும். “இல்ல அண்ணன், சும்மா கண் எரியுது” என்று சொல்லி, ரோஷத்தோடு இன்னும் இறுக்கமாக ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார். தூக்கத்தில் இருப்பவனுக்குத் தான் எவ்வளவு தூக்கத்தில் இருக்கிறான் என்று தெரியாது. அந்த நேரத்தில் அவரோடு வாதாடி வெல்ல முடியாது, நிறுத்தத்தான் முடியும். மாமி நிறுத்தினார், அதுவும் குற்றத்தைத் தன் உடம்பின் மேல் போட்டுக்கொண்டு. மனைவி இதை ஒத்துக்கொள்வதில்லை. எல்லா வானிலும் ஒரு கிழவி இருக்க மாட்டாள் என்கிறாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

உகந்தைக்குப் போன வழி

அடுத்த வருட ஆடியில் உகந்தை முருகனுக்கு வைத்த நேர்த்தியைத் தீர்க்கப் போனோம். அதே சாரதி, அதே வான். இந்த முறை கொப்பியின் முதல் வரி அவரைப் பற்றியதாக இருந்தது. பேசிப் பிடிக்கும்போதே, முதல் நாள் வேறு ஹயர் எடுக்கக் கூடாது, அதற்காக அரை நாள் பணத்தைக் கூடத் தருகிறேன் என்றேன். அவர் முதலில் சங்கடப்பட்டார், பிறகு ஒத்துக்கொண்டார். கேள்வியைக் குற்றச்சாட்டாக இல்லாமல் காசாகக் கேட்டால் பதில் சுலபமாக வருகிறது. இரவு இரண்டு மணிக்குப் பதிலாக விடிகாலை ஐந்தரைக்குப் புறப்பட்டோம். பொத்துவிலில் தங்கிய இடத்தில் அவருக்கு மின்விசிறியோடு ஒரு கட்டில் வாங்கினேன். வெயில் அகப்பட்டது உண்மைதான். அக்கரைப்பற்றைத் தாண்டும்போதே வான் அடுப்பாகிவிட்டது. தண்ணீர்ப் போத்தல்களையும் தோடம்பழத்தையும் வெள்ளரிப்பிஞ்சையும் ஈரச்சாக்குப் போட்டு மூடிய ஒரு பெட்டியில் வைத்திருந்தோம். பின் இருக்கைப் பட்டிகளை உறையை வெட்டி வெளியே எடுத்திருந்தார். 1990 அம்புலன்ஸ் இலக்கத்தைப் பிள்ளைகளுக்குப் பாடமாக்கிக் கொடுத்திருந்தேன். பாணமையைத் தாண்டினால் கிரவல் வீதி, குமண காட்டின் வாசல்வரை மனிதரைவிட யானைதான் அதிகம் நடமாடும் இடம். ஆகவே பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகு அங்கே நிற்பதில்லை என்று முன்கூட்டியே முடிவெடுத்திருந்தோம்.

மாமி அந்தப் பயணத்துக்கு வரவில்லை. முழங்கால் வீக்கம், வீட்டில் இருந்துவிட்டார். திரும்பி வரும் வழியில், கோமாரி கடந்து சிறிது தூரம், நண்பகல் தாண்டிய நேரம். வானுக்குள் எல்லோரும் அரைத் தூக்கத்தில் இருந்தார்கள். நான் முன் இருக்கையில், இந்த முறை வெட்கமில்லாமல், அவருடைய கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு எதுவும் தெரியவில்லை. காதைத் தேய்க்கவில்லை, பாட்டை மாற்றவில்லை. திடீரென்று அவர் சிக்னலைப் போட்டு, வானை ஒரு புளியமரத்தின் கீழ் ஓரங்கட்டி, கைத்தடையை இழுத்தார்.

“என்ன தம்பி?” என்றேன்.

“அம்மாவுக்கு ஒதுங்க வேணுமாம்” என்றார்.

மனைவி பின்னால் திரும்பி, மாமி வழக்கமாக உட்காரும் மூலையைப் பார்த்தாள். அங்கே பிரசாதப் பை இருந்தது. அவர் எங்கள் முகத்தைப் பார்க்காமல் இறங்கி, பின்கதவைத் திறந்து பாயை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனார். நான் பிள்ளைகளை எழுப்பி நிழலுக்கு இறக்கினேன். சின்னவள் மிச்சமிருந்த தோடம்பழத்தை உரிக்கத் தொடங்கினாள். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன்: ஒன்று நாற்பது. இரண்டு மணி ஐந்துக்கு அவர் தானாகவே எழுந்தார்.